தொடக்கப் பள்ளியில் வகுப்பறையும் வீட்டுப்பாடமும்

முன்னுரை

கட்டடத்தைப் பார்ப்பவர் மாடத்தையும் கோபுரத்தையும் புகழ்வர். மண்ணுக்குள் இருக்கும் அஸ்திவாரத்தை யாரும் புகழ்வதில்லை. கல்வியும் அப்படியே. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பற்றி ஊரே பேசுகிறது. மூன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை கழித்தல் கணக்கைப் புரிந்துகொண்டதா என்று கேட்பார் குறைவு. ஆனால் அங்கே விட்ட விரிசல்தான் பின்னர்ச் சுவரில் தெரிகிறது. இவ்வாண்டு சமூகத் தொண்டுப் பணிக்காக எங்கள் வகுப்பு மாணவியர் சிலர் வெள்ளிக்கிழமைதோறும் பிற்பகலில் அருகிலுள்ள ஒரு தொடக்கப் பள்ளிக்குச் சென்று, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு உதவி வருகிறோம். அங்கே கண்டவற்றையும் நூல்களில் படித்தவற்றையும் சேர்த்து இக்கட்டுரையை வரைகிறேன்.

அன்றைய திண்ணைப் பள்ளி

செயல் மூலம் கற்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதியே எழுத்தறிந்தனர். விரலும் கண்ணும் வாயும் ஒருங்கே வேலை செய்தன. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789-இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர், இம்முறைகளைக் கண்டு தம் இல்லத்திலும் கையாண்டார். 1797-இல் இலண்டனில் அது பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது.

வீட்டுப்பாடமும் அக்காலத்தில் இருந்தது. மாலையில் பள்ளி விடும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் எனச் சொல்லி அனுப்புவாராம். மறுநாள் காலையில் அதை மறவாமல் சொல்ல வேண்டும். இதனை உ.வே. சாமிநாத ஐயர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் குறித்துள்ளார். சுமையில்லாத வீட்டுப்பாடம் என்று இதைச் சொல்லலாம். எனினும் அக்காலப் பள்ளியில் பிரம்படியும் இருந்தது. பெண் குழந்தைகள் பலருக்கு அத்திண்ணையில் இடமும் இல்லை. எனவே பழையது எல்லாம் நல்லது என்று கூறிவிட முடியாது.

இன்றைய வகுப்பறை

1907-இல் ரோம் நகரின் ஏழை மக்கள் பகுதியில் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் ‘குழந்தைகள் இல்லத்தை’த் தொடங்கினார். குழந்தை தன் கையால் பொருள்களை எடுத்துப் பார்த்துத் தானே கற்கும் என்பது அவர் கொள்கை. 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் ‘செயல்வழிக் கற்றல்’ முறை தொடங்கப்பட்டுப் பின்னர்த் தமிழகம் முழுவதும் பரவியது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஏணியில் ஏறுவது போல் குழந்தை ஒவ்வோர் அட்டையாக முடித்து மேலே செல்லும். காய்ச்சலால் பத்து நாள் வராத குழந்தை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைக்கப்பட்டது. ஆசிரியை நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் அவர்களோடு அமர்ந்தார். 2022-இல் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், குழந்தைகள் தம் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்டுப் பயில வழி செய்யப்பட்டது. எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைப் புரிந்துகொள்வதில்லை என்ற உண்மையை இம்முறைகள் ஏற்றுக்கொண்டன.

செயல்பாடு எதற்கு?

பாட்டும் ஆட்டமும் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கின்றனர். ஓர் எடுத்துக்காட்டினால் இதை விளக்க விரும்புகிறேன்.

52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னோம். குழந்தைகள் சிலர் 35 என்று எழுதினர். ஏனென்றால் 7-இல் 2 போனால் 5. 5-இல் 2 போனால் 3. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று கற்றதை அவர்கள் தவறாமல் செய்திருந்தனர்! “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்றேன். “கடன் வாங்கினா எப்பக்கா திருப்பிக் கொடுக்கணும்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. வகுப்பாசிரியை சிரித்துக்கொண்டே ஒரு கட்டுத் தென்னை ஈர்க்குச்சிகளைக் கொணர்ந்தார்.

பத்துப் பத்தாக நூலால் கட்டிய ஐந்து கட்டுகள், உதிரியாக இரண்டு குச்சிகள், இதுதான் 52. இதிலிருந்து ஏழு உதிரிக் குச்சிகளை எடுக்க வேண்டும், இரண்டுதான் உள்ளன. என்ன செய்யலாம்? “ஒரு கட்டை அவிழ்க்கலாம் டீச்சர்!” என்றாள் அதே சிறுமி. இப்போது நான்கு கட்டுகள், பன்னிரண்டு உதிரிகள். ஏழை எடுத்தால் ஐந்து. இரண்டு கட்டுகளை எடுத்தால் மீதி இரண்டு கட்டுகள். விடை 25. கடனும் இல்லை, வட்டியும் இல்லை. தன் வீட்டுக் குச்சியைத்தான் அவிழ்த்தாள். செயல்பாடு என்பது இதுவே. கை செய்ததை மனம் கண்டுகொள்கிறது. அதன்பின் குறியீடு எளிதாகிறது.

இவ்வாறே ஈரப் பஞ்சில் அவரை விதை முளைப்பதைக் காண்பதும், வகுப்பறையை அடியால் அளப்பதும், புல்லின் இலையில் நேராகவும் அரசிலையில் வலைபோலவும் ஓடும் நரம்புகளைத் தடவி அறிவதும் செலவில்லாச் செயல்பாடுகளாகும்.

வீட்டுப்பாடம் எவ்வளவு?

மேலே கூறிய சிறுமிக்கு அக்கட்டை அவிழ்க்கத் தெரியுமுன் இருபது கழித்தல் கணக்குகளை வீட்டுக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? ஒரே தவற்றை இருபது முறை பழகியிருப்பாள். ஆகவே வகுப்பில் புரிந்ததை உறுதிப்படுத்தவே வீட்டுப்பாடம் பயன்படும். புரியாததைப் புரியவைக்க அது உதவாது.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கையும் அதையே கூறுகிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்திற்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்கிறது அக்கொள்கை. பள்ளி நாள் ஐந்து எனக் கொண்டால் நாளொன்றுக்கு 24 நிமிடமே! பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 2 கிலோ.

ஆசிரியரின் பக்கமும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து! முப்பது நோட்டுகளை நோட்டுக்கு இரண்டு நிமிடம் வீதம் திருத்தினாலும் ஒரு மணி நேரம் ஆகிவிடும். திருத்தப்படாத வீட்டுப்பாடத்தால் பயன் என்ன?

வீட்டில் யார் இருக்கிறார்கள்?

இதுவே முக்கியமான கேள்வி என்று நான் கருதுகிறேன். அதே சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 800 மணி நேரக் கற்பித்தலை வகுத்துள்ளது. ஓர் ஆண்டில் 8760 மணி நேரம். அதில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்குதான் வகுப்பறைக்குரியது. மீதி வீட்டுக்கும் தெருவுக்கும் உறக்கத்துக்கும் உரியது. வகுப்பறையில் அனைவரும் ஒரே பாயில் அமர்கிறார்கள். வீட்டிலோ அப்படியில்லை. ஒரு குழந்தைக்குப் படித்த தாயும் தனி மேசையும் உண்டு. மற்றொரு குழந்தைக்குத் தாய் வேலை முடிந்து வர இரவு எட்டாகிறது. அதுவரை தம்பியை அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதிரி வீடு, ஒட்டுப்பட அட்டை எனச் ‘செயல்திட்டம்’ கொடுத்தால், முதல் குழந்தைக்குக் கடையிலிருந்து பொருள்கள் வரும். அக்காவோ அம்மாவோ ஒட்டித் தருவார். இரண்டாமவள் வெறுங்கையுடன் வந்து நிற்பாள். இருவருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது நீதியாகுமா? தண்டனைக்கு அஞ்சி அவள் பள்ளிக்கே வராமல் நின்றுவிட்டால், அந்த 800 மணி நேரமும் அன்றோ போய்விடும்!

நாங்கள் செல்லும் வகுப்பில் ஆசிரியை ஒரு நல்ல வழி வைத்துள்ளார். வீட்டில் எழுத இயலாதவர்கள் காலையில் மணியடிப்பதற்கு முன் கால் மணி நேரம் வகுப்பில் அமர்ந்து எழுதலாம். யாரும் காரணம் கேட்பதில்லை. மேலும் அவர் தரும் வீட்டுப்பாடம் எந்த வீட்டிலும் செய்யக்கூடியது. “உங்கள் தெருவில் உள்ள மூன்று மரங்களின் பெயரைக் கேட்டு வாருங்கள்”, “பாட்டியிடம் ஒரு விடுகதை கேட்டு வாருங்கள்”, “ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணி வாருங்கள்” என்பன அவற்றுள் சில. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இங்கே ஆசிரியை ஆகிறாள். தன் பிள்ளையின் படிப்பில் தனக்கும் பங்குண்டு என்று மகிழ்கிறாள்.

முடிவுரை

தோழியரே! வகுப்பறையில் புரிதல், செயல்பாட்டில் தெளிதல், வீட்டுப்பாடத்தில் பழகுதல் ஆகிய மூன்றும் இவ்வரிசையில் அமைந்தால் தொடக்கக் கல்வி சிறக்கும். வரிசை மாறினால் குழந்தைக்குச் சுமையே மிஞ்சும். நம்மில் பலர் நாளை ஆசிரியைகளாவோம். எல்லோருமே இன்று யாருக்கோ அக்காவாக இருக்கிறோம். தம்பி தங்கையரின் வீட்டுப்பாடத்தை நாம் எழுதிக் கொடுத்தால் நோட்டு மட்டுமே நிறையும். அருகில் அமர்ந்து, அவர்கள் கட்டை அவர்களே அவிழ்க்கக் காத்திருந்தால் அறிவு நிறையும். நாளொன்றுக்கு அரை மணி நேரம் நாம் இதற்கென ஒதுக்கினால், நம் தெருவில் கணக்குக்கு அஞ்சிப் பள்ளியை விடும் குழந்தை ஒன்றும் இராது. அதற்கு இன்றே முயல்வோமாக!

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி