தரங்கம்பாடிக் கடற்கரை

விடுமுறை நாள்களில் கடல் காண விழைவோர் பெரும்பாலும் சென்னை மெரினாவையோ வேளாங்கண்ணியையோ நாடுவர். ஆங்கே மக்கள் வெள்ளத்திற்கிடையே கடல் வெள்ளத்தைத் தேடிக் காணல் வேண்டும். சுண்டல் விற்போர் கூவும் ஒலியில் அலையொலி அடங்கிவிடும். கடலோடு சிறிது பொழுது தனித்திருக்க விரும்புவோர்க்கு ஏற்ற இடம் தரங்கம்பாடி.

இவ்வூர் மயிலாடுதுறை மாவட்டத்தில், காரைக்காலுக்கு வடக்கே அமைந்துள்ளது. தரங்கம் என்பது அலை; பாடி என்பது ஊர். அலைகள் பாடும் ஊர் என்று பொருள் கூறுவாரும் உளர். கேட்டற்கு இனிதாயினும் அது பொருந்தாது. காட்பாடியிலும் வியாசர்பாடியிலும் பாடுவார் யார்? பழைய கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றே குறிக்கின்றது.

இன்று அமைதி நிலவும் இத்துறை முற்காலத்தில் ஆரவாரம் மிக்கதாய் இருந்தது. 1620ஆம் ஆண்டில், தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று, டேனிசு வணிகர் இங்குக் கோட்டை எழுப்பினர். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் பயின்று, அச்சுக்கூடம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1845இல் டேனிசார் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். வாணிகம் வேறு துறைகளுக்குப் பெயர்ந்தது. 1986இல் இருப்புப்பாதைப் போக்குவரத்தும் நின்றது. ஆகவே, இங்குக் காணும் அமைதி இயற்கை மட்டும் அளித்ததன்று. வாணிகம் இழந்த ஊரின் அமைதியும் ஆகும்.

விடியற்காலையே இதனைக் காணத் தக்க பொழுது. கோட்டைமதிலின் மீது இளவெயில் படரும். மீன்பிடித்துத் திரும்பிய படகுகள் கரையேறும். மணலில் அமர்ந்து வலை செப்பனிடுவோர் பேச்சன்றிப் பிற பேச்சு மிகுதியாகக் கேளாது.

கரையோரத்தே மாசிலாமணிநாதர் கோயில் நிற்கின்றது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல், எழுந்தது அது. கட்டிய நாளில் கடல் தொலைவில் இருந்தது. பின்னர் அலை கரையை அரித்தரித்து நெருங்கி, முன்பகுதியைக் கொண்டுபோயிற்று. எஞ்சிய பகுதியைக் காக்கக் கரையில் பெருங்கற்களைக் கொட்டியுள்ளனர். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூரிலும் பல உயிர்களைக் கவர்ந்தது.

கூட்டமில்லாக் கடற்கரையில் காப்பாற்றுவாரும் இல்லை. அமைதியான நீர்ப்பரப்பின் கீழும் ஆளை உள்ளிழுக்கும் நீரோட்டம் இருத்தல் கூடும். அதன் போக்கை அறிந்தவர் அவ்வூர் மீனவரே. அவரைக் கேளாமல் நீரில் இறங்குதல் ஆகாது. அவர் இறங்கலாம் என்று கூறும் நாளிலும் முழங்காலளவு நீரோடு நின்றுவிடுதல் வேண்டும்.