கணினி எழுத்தோவியமும் தமிழ்ச் சித்திரகவியும்: எழுத்தலகு குறித்த ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

எழுத்துகளையும் குறிகளையும் நிரல்பட அடுக்கிக் கணினித் திரையில் உருவம் தோற்றுவிக்கும் கலை ‘ஆஸ்கி ஓவியம்’ எனப்படும். எழுத்தைக் கட்டங்களில் நிறுத்தி வடிவம் காட்டும் மரபு தமிழில் சித்திரகவியாக முன்னரே நிலைபெற்றுள்ளது. எனினும் சித்திரகவியை ஆஸ்கி ஓவியத்தின் முன்னோடி எனக் கூறிவிடுவது மேலோட்டமான ஒப்பீடாகும். இரண்டிலும் எழுத்து ஆற்றும் பணி வேறு. கட்டத்தின் தேவை ஒன்று. இதனை ஆராய்ந்து, சித்திரகவியைக் கணினியில் பதிப்பிக்கும்போது எழும் சிக்கலை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலி நீங்கிய எழுத்து

1963இல் வெளியாகி 1967இல் திருத்தம் பெற்ற ஆஸ்கி தரநிலையில் 128 இடங்கள் உள்ளன. அவற்றுள் 33 கட்டுப்பாட்டுக் குறிகள். எஞ்சிய 95 அச்சிடத்தக்கவை. ஒளிப்படம் சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்தின் சராசரி ஒளியளவுக்கு ஏற்ற குறி அதில் இடப்படுகிறது. மையடர்ந்த குறி நிழலாகிறது. முற்றுப்புள்ளியும் வெற்றிடமும் ஒளியாகின்றன. 1966இல் பெல் ஆய்வகத்தில் கென்னத் நோல்டனும் லியோன் ஹார்மனும் இம்முறையில் சிறு குறியீடுகளைக் கொண்டு ஒரு பெண்ணுருவை அமைத்தனர். அருகில் குறிகளாகவும் தொலைவில் உருவமாகவும் அது தோன்றும். கோடுகளால் அமையும் பிறிதொரு வகையில் சாய்கோடு, அடிக்கோடு முதலிய குறிகளின் வடிவமே பயன்படுகிறது. இவ்விரு வகையிலும் எழுத்தின் ஒலிக்கும் பொருளுக்கும் இடமில்லை. ஒரு குறிக்கு மாற்றாக ஒத்த அடர்த்தியுள்ள வேறொன்றை இட்டாலும் ஓவியம் சிதையாது. எல்லாக் குறிகளும் ஒரே அகலம் பெறாவிடில் மட்டுமே அது குலைகிறது.

ஒலி நீங்கா எழுத்து

தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் மாலைமாற்று, நாகபந்தம், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம் முதலிய சித்திரகவிகளுக்கு இலக்கணம் கூறுகிறது. சருப்பதோபத்திரத்தில் அடிக்கு எட்டெழுத்தாக நான்கடிகள், மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் 64 கட்டங்களில் எழுதப்படும். நெடுக்காகவோ குறுக்காகவோ, எம்முனையிலிருந்து படிப்பினும் அதே செய்யுள் வரும். நாகபந்தத்தில் பாம்புகளின் உடல் பின்னும் சந்திகளில் நிற்கும் எழுத்து இருமுறை படிக்கப்படும். இங்கு எழுத்தின் மையடர்த்தி பொருட்டன்று. ஒலியும் இடமுமே பொருட்டு. ஓர் எழுத்து மாறினும் பந்தம் குலையும். ஆகவே, ஆஸ்கி ஓவியத்தில் எழுத்து உருவத்தின் துகள். சித்திரகவியில் அது உருவத்தின் கணு.

எழுத்தலகுச் சிக்கல்

‘ஒரு கட்டத்திற்கு ஓர் எழுத்து’ என்பது இரண்டிற்கும் பொது. ஆஸ்கியில் ஒரு குறி ஒரே குறியீட்டெண்ணும் ஒரே கட்டமும் பெறுகிறது. யூனிகோடு முறையிலோ தமிழ் உயிர்மெய், மெய்க்குரிய வரிவடிவமும் உயிர்க்குறியும் சேர்ந்த தொடராகச் சேமிக்கப்படுகிறது. ‘கொ’ என்பது இலக்கணத்தில் ஓரெழுத்து; குறியீட்டில் இயல்பாக இரண்டு; கண்ணுக்கு மூன்று உறுப்புகள்.

இதன் விளைவை மாலைமாற்றாக அமைந்த ‘விகடகவி’ என்னும் சொல்லிலேயே காணலாம். எழுத்து ஐந்து, குறியீட்டெண் ஏழு. கணினி குறியீட்டெண் வரிசையைத் தலைகீழாக்கினால் முதலில் சார்பற்ற இகரக்குறி தனித்து நிற்க, பின் ‘வகடகிவ’ என்பதே எஞ்சும். மாலைமாற்று அன்று எனக் கணினி தீர்ப்பளிக்கும். திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தை இவ்வாறு சோதிப்பினும் பிழையான முடிவே கிட்டும்.

தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுடன் தரநிலையாக ஏற்ற தமிழ் அனைத்தெழுத்துக் குறியீட்டு முறை, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தந்து இக்குறையைக் களைகிறது. ஆயினும் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைவதால், பொதுவான மென்பொருள்கள் அதனைத் தமிழென அறிவதில்லை. மாறாக, யூனிகோடின் 29ஆம் இணைப்பு வரையறுக்கும் ‘எழுத்துக்கொத்து’ மெய்யையும் உயிர்க்குறியையும் ஓரலகாகக் கொள்கிறது. புள்ளி பெற்ற மெய்யும் அவ்வாறே. இது தமிழிலக்கணத்தின் எழுத்துக் கோட்பாட்டிற்கு நெருக்கமானது.

முடிவுரை

சித்திரகவியைப் படமாக மட்டும் பதிப்பித்தால் செய்யுள் தேடலுக்கு அகப்படாது. வெறும் வரிகளாகப் பதிப்பித்தால் பந்தம் மறையும். எழுத்துக்கொத்தை அலகாகக் கொண்டு ஒவ்வொன்றையும் அட்டவணைக் கட்டத்தில் நிறுத்துவதும், படிக்கும் வரிசையைத் தனியே குறித்து வைப்பதும் இரண்டையும் காக்கும். ‘ர’கரமும் ‘ணை’யும் வேறுவேறு அகலம் கொண்டிருப்பதால், வெற்றிடங்களைக் கொண்டு கட்டம் அமைக்கும் ஆஸ்கி வழி தமிழுக்குப் பொருந்தாது. எழுத்து எது என்பதைக் கணினிக்கு உணர்த்திய பின்னரே எழுத்தால் ஆன உருவத்தை அதனிடம் ஒப்படைக்க இயலும்.