வீட்டில் ஜெனரேட்டர்: கணவன் மனைவி இருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை



2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும், செல்போனுக்குச் சார்ஜ் போடவும் மக்கள் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தார்கள். உங்களில் சிலர் சொந்தமாகவே ஒன்று வாங்கியிருப்பீர்கள். அதை ஓட்டும் முறை வீட்டில் இருவருக்கும் தெரிய வேண்டும். "அதெல்லாம் அவரு வேலை" என்று மனைவி ஒதுங்கிவிடக் கூடாது. அவர் வெளியூர் போன அன்றுதானே கரண்டு போகும்!

ஒரு கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் சுமார் 800 வாட் வரைதான் தாங்கும். நாலு எல்.இ.டி. பல்பு 36 வாட், இரண்டு சாதாரண மின்விசிறி 150 வாட், டி.வி. 80 வாட். கூட்டினால் 266. இதுவரை சரி. இதோடு 750 வாட் மிக்ஸியைப் போட்டால் 1016 ஆகிவிடும். ஜெனரேட்டர் திணறும், வோல்டேஜ் இறங்கும், பிரிட்ஜ் மோட்டார் புகைந்து போகலாம். ஆகவே சட்னி அரைக்கிற ஐந்து நிமிஷம் விசிறியையும் டி.வி.யையும் நிறுத்துங்கள். மாமியார் சீரியல் பார்க்கிற நேரமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பிரிட்ஜ் ஓடும்போது 150 வாட்தான் இழுக்கும். கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அதனால் பிரிட்ஜை முதலில் போட்டு, அது ஓடத் தொடங்கிய பிறகு மற்றவற்றைப் போடுங்கள். ஒரு குதிரைசக்தி தண்ணீர் மோட்டாரையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் இந்தச் சின்ன ஜெனரேட்டரில் போடவே வேண்டாம். ஒற்றை பல்புக்காக ராத்திரி முழுக்க ஓட்டுவதும் வீண். சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓட்டி, மாவு அரைப்பது, சார்ஜ் போடுவது எல்லாவற்றையும் அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. "மழை பெய்யுதுங்க, திண்ணையிலேயே இருக்கட்டும்", "வெளியே வெச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்" என்று எண்ணி உள்ளே வைக்கிறார்கள். திண்ணை, மாட்டுக் கொட்டகை, சமையல்கட்டு எதுவுமே ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது. வீட்டை விட்டு 20 அடியாவது தள்ளி, நாலு பக்கமும் திறந்த கூரையின் கீழ், புகை வீட்டுப் பக்கம் திரும்பாதபடி வையுங்கள். திருட்டுப் பயமென்றால் சங்கிலி போட்டு மரத்தில் பூட்டுங்கள்.

இந்த வாயு ரத்தத்தில் பிராண வாயு சேரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தாய்க்கு வெறும் தலைவலியாகத் தெரியும்போதே வயிற்றில் இருக்கும் சிசுவுக்குப் பெரிய ஆபத்து நேரலாம். கைக்குழந்தைகளும் வயதானவர்களும் சீக்கிரம் பாதிக்கப்படுவார்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். தூங்கினால் எழாமலே போகலாம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உடனே வெட்டவெளிக்கு வாருங்கள். பிறகு 108-க்குப் போன் செய்யுங்கள். ஜெனரேட்டர் புகை என்று டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

இன்னொரு கெட்ட பழக்கமும் இருக்கிறது. இரண்டு முனையிலும் பிளக் உள்ள ஒயரால் ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் சொருகுவது. மெயின் அணைக்காமல் இருந்தால் அந்தக் கரண்டு தெருக் கம்பிக்குப் போய், டிரான்ஸ்பார்மரில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேன் செத்துப் போவார். அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனை வைத்து சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். அதுவரை சாமான்களை நேராக ஜெனரேட்டரிலேயே சொருகுங்கள்.

பெட்ரோல் ஊற்றுமுன் ஜெனரேட்டரை நிறுத்தி, நன்றாக ஆறவிடுங்கள். இருட்டாக இருந்தால் டார்ச் போதும். காடா விளக்கை அருகே கொண்டுபோகாதீர்கள். மீதிப் பெட்ரோல் அடுப்படியில் இருக்கக் கூடாது. பிள்ளைகள் எடுத்துக் குடிக்கும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றியும் வைக்காதீர்கள்.