அடுத்தவர் டேட்டாபேஸில் கை வைக்கும் முன்

பவர் பிஐயைத் திறந்து சர்வர் பெயர், யூசர், பாஸ்வேர்டு மூன்றையும் கொடுத்தால் கம்பெனி டேட்டாபேஸ் கண்முன் வந்து நிற்கும். பத்து நிமிட வேலை. அதைச் சொல்லித்தர யூடியூப் போதும். இந்த ரிப்போர்ட் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல வருவது வேறு. அந்த டேட்டாபேஸை யாரும் உங்கள் ரிப்போர்ட்டுக்காகக் கட்டவில்லை. பில் போட, சரக்கு அனுப்ப, சம்பளம் கணக்கிடக் கட்டினார்கள். இந்த நிமிடமும் யாரோ அதில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். இது நினைவில் இருந்தால், கீழே உள்ளவற்றில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும்.

1. டேட்டாபேஸைப் பராமரிக்கும் டிபிஏவை நேரில் போய்ப் பாருங்கள். மெயில் போதாது. சர்வர் படுத்துக்கொண்டால் நள்ளிரவில் போன் வருவது அவருக்குத்தான். உங்களைப் பார்த்ததும் அவர் முகம் சுளித்தால் அதில் நியாயம் உண்டு. பில்லிங் எந்த நேரத்தில் உச்சத்தில் இருக்கும், பேக்கப் எப்போது ஓடும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதக் கடைசி நாள் சாயங்காலம் பெரிய க்வெரி ஓட்டுவது, முகூர்த்த நேரத்தில் சமையல்கட்டுக்குள் புகுந்து மளிகைக் கணக்குக் கேட்பதைப் போன்றது. சின்னக் கம்பெனிகளில் டிபிஏ என்று ஒருவர் இருக்கமாட்டார். சாஃப்ட்வேர் விற்றவரின் ஆள் எப்போதாவது வந்துபோவார். அங்கே அவர்தான் டிபிஏ.

2. உங்களுக்கென்று தனி யூசர் கேளுங்கள், வாசிக்கும் உரிமையோடு மட்டும். எஸ்க்யூஎல் சர்வரில் ‘டிபி டேட்டாரீடர்’ என்ற ரோல் இதற்காகவே இருக்கிறது. எல்லா உரிமையும் உள்ள ‘எஸ்ஏ’, ‘ரூட்’ பாஸ்வேர்டை டிபிஏவே எடுத்து நீட்டினாலும் வாங்காதீர்கள். யாராவது ஒருவருடைய சொந்த லாகினிலும் ரிப்போர்ட்டை ஓட்டக் கூடாது. அவர் வேலையை விட்டுப் போகும் அன்று ரிப்போர்ட்டும் போய்விடும். டேபிளை நேரடியாகத் தொடாமல், தேவையான பத்திகள் மட்டும் உள்ள வியூ ஒன்றைப் போட்டுத் தரச் சொல்வது இன்னும் நல்லது. நாளை டேபிளின் அமைப்பு மாறினால் வியூவைத் திருத்தினால் போதும்.

3. கனெக்ட் ஆகவில்லையா? எர்ரரை முழுசாகப் படியுங்கள். ‘டைம் அவுட்’ என்றால் பெரும்பாலும் நீங்கள் சர்வர் வாசலையே எட்டவில்லை. சர்வர் பெயர், ஃபயர்வால், போர்ட் இவற்றைப் பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வருக்கு வழக்கமாக 1433, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432, ஆரக்கிளுக்கு 1521. ‘லாகின் ஃபெயில்டு’ என்று வந்தால் அது நல்ல செய்தி. வாசல்வரை போயாயிற்று, யூசரும் பாஸ்வேர்டும்தான் பாக்கி.

ஓடிபிசி என்ற பொது இணைப்பு முறை வழியாகப் போகும்போது ஒரு கூத்து உண்டு. 64 பிட் பவர் பிஐக்கு 64 பிட் டிரைவர்தான் ஆகும். விண்டோஸிலோ 64 பிட் ஓடிபிசி அமைப்பு ‘சிஸ்டம்32’ என்ற ஃபோல்டரிலும், 32 பிட் அமைப்பு ‘சிஸ்வாவ்64’ என்ற ஃபோல்டரிலும் இருக்கின்றன. தலைகீழாகத்தான் வைத்திருக்கிறார்கள், பழைய புரோகிராம்கள் உடைந்துவிடக் கூடாது என்று அப்படி விட்டுவிட்டார்கள். டேலியும் ஓடிபிசி வழியாகத் தரவு தரும், வழக்கமாகப் போர்ட் 9000. ஆனால் டேலி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அந்தக் கம்பெனியும் அதில் திறந்திருக்க வேண்டும். அக்கவுண்டன்ட் டேலியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனபின் ரெஃப்ரெஷ் வைத்தால் ஒன்றும் வராது.

4. ‘ஃபயர்வாலில் போர்ட்டைத் திறந்துவிடுங்கள், கிளவுடிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறேன்’ என்று கேட்காதீர்கள். 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு, இணையத்தில் திறந்து கிடந்த எஸ்க்யூஎல் சர்வர்களில் 1434 என்ற போர்ட் வழியாகப் புகுந்தது. பலவீனமாக இருந்தவற்றில் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டது. அமெரிக்காவில் ஏடிஎம்கள்கூட நின்றன. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஆறு மாதம் முன்பே வந்திருந்தது என்பதுதான் வேதனை. இன்று அந்த ஆபத்தை விலைக்கு வாங்கத் தேவையில்லை. கிளவுடுக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவே நிற்கும் மைக்ரோசாஃப்டின் கேட்வே உள்ளிருந்து வெளியேதான் தொடர்புகொள்ளும். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வர வாசல் திறக்க வேண்டாம். அந்தக் கேட்வேயை எப்போதும் ஓடும் ஒரு மெஷினில் போடச் சொல்லுங்கள். உங்கள் லேப்டாப்பில் போட்டுவிட்டு அதை மூடிப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகாதீர்கள்.

5. இம்போர்ட்டா, டைரக்ட் க்வெரியா? புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். முதலாளி ‘எனக்கு லைவா வேணும்’ என்பார். உடனே தலையாட்டிவிடாதீர்கள். அடுத்த பத்து நிமிடத்தில் இந்த எண்ணைப் பார்த்து யார் எதை மாற்றப் போகிறார்கள் என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. இம்போர்ட் முறையில் தரவு ஒருமுறை நகலாகிவிடும். பிறகு ரிப்போர்ட் பார்ப்பவர்களால் சர்வருக்குப் பாரம் இல்லை. புரோ லைசென்ஸில் ஒரு நாளைக்கு 8 முறை ரெஃப்ரெஷ் வைக்கலாம். விற்பனை, ஸ்டாக், வசூல் பாக்கி எல்லாவற்றுக்கும் அது தாராளம்.

டைரக்ட் க்வெரியில் ஒருவர் பக்கத்தைத் திறந்தாலோ, ஒரு ஃபில்டரை மாற்றினாலோ அந்தப் பக்கத்திலுள்ள ஒவ்வொரு சார்ட்டும் சர்வருக்குத் தனித்தனியாக ஆள் அனுப்பும். காலை பத்து மணி மீட்டிங்கில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எஸ்க்யூஎல் சர்வரின் சாதாரண அமைப்பில், வாசிக்கிற க்வெரியும் லாக் போடும். நீங்கள் சாவகாசமாக வாசித்துக்கொண்டிருக்க, பில் போடுகிறவர் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போஸ்ட்கிரெஸில் வாசிப்பவர் எழுதுபவரை மறிப்பதில்லை, ஆனால் சிபியு ஒன்றுதானே. லாக் இல்லாமல் வாசிக்கச் சொல்லும் ‘நோலாக்’ போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். மறியல் தீரும், எண் சரியாக வரும் என்று சொல்ல முடியாது. ஒரே வரிசை இரண்டு முறை வரலாம், வரவேண்டியது விட்டுப்போகலாம். நிஜமாகவே லைவ் தேவைப்படுகிற இடத்தில் வாசிப்பதற்கென்றே தனியாக ஓடும் நகல், அதாவது ரீட் ரெப்ளிகா ஒன்று கேளுங்கள். செலவு உண்டு. அந்தச் செலவைக் கேட்டதும் ‘காலையில ஒருதடவ வந்தாப் போதும்’ என்று முதலாளியே இறங்கிவருவதும் உண்டு.

6. எல்லாவற்றையும் இழுத்து வந்து பிறகு வடிகட்டுவது சோம்பேறி வழி. பவர் க்வெரியில் நீங்கள் போடும் ஃபில்டர், முடிந்தவரை எஸ்க்யூஎல்லாக மாறிச் சர்வரிலேயே வேலை செய்யும், ஃபோல்டிங் என்பார்கள். ஸ்டெப்பை ரைட் க்ளிக் செய்யும்போது ‘வியூ நேட்டிவ் க்வெரி’ மங்கியிருந்தால், பெரும்பாலும் அந்த இடத்தில் ஃபோல்டிங் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அறுந்தபின் போடும் ஃபில்டர் சர்வருக்குப் போகாது, அதனால் தேதி ஃபில்டரை முதல் ஸ்டெப்பிலேயே போடுங்கள்.

7. நேரம். பவர் பிஐ கிளவுடில் ‘டுடே’ என்ற ஃபங்ஷன் யுடிசி நேரத்தைத்தான் பார்க்கும். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். கோயம்புத்தூர் மில்லில் நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர் இரவு இரண்டு மணிக்கு ‘இன்றைய உற்பத்தி’யைத் திறந்தால் நேற்றையது வரும். காலை ஐந்தரைக்குப் பிறகு தானாகச் சரியாகிவிடும் என்பதால், பகலில் வந்து சோதிக்கும் உங்கள் கண்ணில் அது படவே படாது.

8. கடைப் பெயரும் ஊர்ப் பெயரும் கேள்விக்குறிகளாக வந்தால் உங்கள் டூலைத் திட்டாதீர்கள். எஸ்க்யூஎல் சர்வரில் ‘என்வார்ச்சார்’ இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண ‘வார்ச்சார்’ வைத்திருந்தால், தமிழ் உள்ளே போகும்போதே அழிந்திருக்கும். அதை மீட்க முடியாது. திரும்ப டைப் அடிக்கத்தான் வேண்டும்.

9. கஸ்டமர் போன் நம்பரும் ஆதாரும் ரிப்போர்ட்டுக்கு எதற்கு? கொண்டுவராதீர்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை படியுங்கள். ‘பப்ளிஷ் டு வெப்’ பட்டன் பக்கமே போகவேண்டாம். அந்த லிங்க் கையில் கிடைத்த எவரும் லாகின் இல்லாமல் பார்க்கலாம்.

10. ரெஃப்ரெஷ் தொடர்ந்து நான்கு முறை தோற்றால் பவர் பிஐ அந்த ஷெட்யூலையே நிறுத்திவிடும். மெயில் வரும், நாம் பார்க்கமாட்டோம். ரிப்போர்ட்டோ பழைய எண்ணோடு அழகாகத் திறக்கும். கடைசியாக எப்போது ரெஃப்ரெஷ் ஆனது என்பதை முதல் பக்கத்திலேயே பெரிதாகக் காட்டுங்கள்.

11. எண் பொருந்துகிறதா? முடிந்துபோன ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு அக்கவுண்டன்ட் கையிலிருக்கும் விற்பனைத் தொகையோடு ஒப்பிடுங்கள். முதல் தடவை பொருந்தாது. கேன்சல் ஆன பில் உள்ளே இருக்கும், சேல்ஸ் ரிட்டர்ன் கழிந்திருக்காது, ஜிஎஸ்டி ஒரு பக்கம் சேர்ந்தும் ஒரு பக்கம் சேராமலும் இருக்கும், யாரோ டெஸ்டிங்குக்குப் போட்ட பில்கூட இருக்கும். ஸ்டேட்டஸ் பத்தியில் 1, 2, 9 என்று எண்கள் இருக்கும். 9 என்றால் என்னவென்று எந்த ஆவணத்திலும் எழுதியிருக்காது. அது தெரிந்தவர் பில்லிங் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அக்காதான். ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்த பட்டனை எப்போது அழுத்துகிறார், எந்தப் பத்தியைக் காலியாக விடுகிறார், அவசரத்துக்கு எதை எங்கே மாற்றிப் போடுகிறார் என்று பாருங்கள். தொகை பைசா சுத்தமாகப் பொருந்தும்வரை முதலாளிக்கு லிங்க் அனுப்பவேண்டாம்.