வழக்கமும் அறமும்

ஒரு செயல் சரியா தவறா என்பதைக் காலமும் சமூகமும்தான் முடிவு செய்கின்றனவா? அல்லது எல்லாருக்கும், எக்காலத்திற்கும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டா? சிங்கப்பூரின் திருமணச் சட்ட வரலாறு இக்கேள்வியைச் சிந்திக்க உதவுகிறது.

1961ஆம் ஆண்டுக்கு முன்பு, இங்கு ஆடவர் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களை மணக்கச் சமூக வழக்கங்கள் இடமளித்தன. சீனர்களிடமும் இந்தியர்களிடமும் இவ்வழக்கம் இருந்தது. தாயகத்தில் மனைவியை விட்டுவிட்டு வந்து, இங்கே மற்றொரு குடும்பம் அமைத்துக்கொண்டவர்களும் உண்டு. பலர் இதைத் தவறாகக் கருதவில்லை.

ஆனால், அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களும் இருந்தனர். மும்பையில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறிய ஷிரின் ஃபோஸ்டார் அவர்களுள் ஒருவர். 1952இல் அவரும் பல இனப் பெண்களும் சேர்ந்து சிங்கப்பூர் மாதர் மன்றத்தைத் தொடங்கினர். ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்க வேண்டும் என்று அம்மன்றம் வலியுறுத்தியது. இந்தியாவில் 1955இல் இந்து திருமணச் சட்டம் இதே விதியைக் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் மாதர் சாசனம் 1961 செப்டம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தது.

வழக்கம்தான் அறம் என்று சொன்னால் ஒரு சிக்கல் எழுகிறது. ஷிரின் 1952இல் சொன்னது தவறு என்றும், அதே கருத்து 1961இல் சரியாகிவிட்டது என்றும் கொள்ள வேண்டியிருக்கும். கைவிடப்பட்ட மனைவியின் துயரம் சட்டம் வந்த நாளில் பிறந்ததன்று. அது முன்பே இருந்தது. அதைக் கேட்கும் செவிகள்தாம் குறைவாக இருந்தன.

அப்படியானால், முன்னோர் அனைவரும் தீயவர்களா? சட்டம் அவ்வாறு கூறவில்லை. வழக்கப்படி முன்னரே நடந்த திருமணங்களை அது செல்லாதவை ஆக்கவில்லை. அவற்றை நம்பி வாழ்ந்த பெண்களையும் பிள்ளைகளையும் தெருவில் நிறுத்தவில்லை. வழக்கத்தைத் திருத்துவது வேறு. அதன்படி வாழ்ந்தவர்களைப் பழிப்பது வேறு.

இன்றும் ஒரே விதி எல்லாருக்கும் பொருந்துவதில்லை. முஸ்லிம்களின் திருமணங்களுக்குத் தனிச் சட்டம் உள்ளது. அதன்படி மற்றொரு திருமணம் செய்ய விரும்புபவர் முன் அனுமதி பெற வேண்டும். மனைவியின் கருத்தும் கேட்கப்படுகிறது. விதிகள் வேறுபட்டாலும், யாருக்கும் அநீதி நேரக்கூடாது என்ற அக்கறை இரண்டிலும் காணப்படுகிறது.

ஆகவே, பழக்கவழக்கங்கள் இடத்திற்கு இடம் மாறலாம், காலந்தோறும் மாறலாம். ஆயினும், எந்த வழக்கத்தை நோக்கியும் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு: இதனால் பாதிக்கப்படுபவரின் குரலை யாரேனும் கேட்டார்களா? இன்று எல்லாரும் இயல்பு என்று ஏற்றுக்கொண்டிருக்கும் வழக்கங்களுக்கும் இக்கேள்வி பொருந்தும்.