தொலைவு ஒன்று, நேரம் பல

நம் முன்னோர் தொலைவைக் காலத்தால் அளந்தனர். ‘இரண்டு நாள் வழி’, ‘நாழிகை வழி’ என வழங்கிய சொற்களே இதற்குச் சான்று. கால்நடையும் மாட்டுவண்டியும் பெரிதும் மாறாத விரைவில் சென்றமையால் அம்முறை அவர்களுக்குப் போதுமானதாயிற்று. விமானப் பயணத்தில் அஃது எங்ஙனம் தடுமாறுகிறது என்பதைச் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திற்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்திற்கும் இடைப்பட்ட வழியைக் கொண்டு காண்போம்.

முன்னது கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும், பின்னது மேற்கு 74 பாகையிலும் உள்ளன. இரண்டையும் கூட்டினால் 178; ஏறத்தாழ உலகின் பாதிச் சுற்று. ஆகவே மிகக் குறுகிய வழி கிழக்கும் அன்று, மேற்கும் அன்று; வடதுருவத்தை ஒட்டியது. சுவரில் தொங்கும் தட்டையான படத்தில் கோல் வைத்து அளக்கும் மாணவர் இதனைக் காணார். உருண்டையின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் உடனே காண்பர். கணக்கும் எளிதே. சிங்கப்பூரின் அட்சரேகை வடக்கே 1 பாகை. அங்கிருந்து துருவம் வரை 89. நியூயார்க் 41 பாகை. துருவத்திலிருந்து 49 பாகை இறங்க வேண்டும். ஆக 138 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர் எனப் பெருக்க, 15,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும்.

மணிக்கு 900 கிலோமீட்டர் விரைவில் 17 மணி நேரம் போதும் என வகுத்தல் கூறும். விமான அட்டவணையோ 18 மணி நேரத்திற்கும் மேல் காட்டும். நூல் காட்டும் வழியிலேயே விமானம் எப்போதும் செல்வதில்லை. உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வன்காற்று ஓடுகிறது. அதனை முதுகில் வாங்கிக்கொள்ள, நியூயார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் வடபசிபிக் கடல்மேல் வளைந்து போகும். தொலைவு கூடினும் நேரம் மிச்சமாகும், எரிபொருளும் மிச்சமாகும். இத்துணை நெடிய வழியில் எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் வேண்டும். அண்டையிலுள்ள நியூவார்க்கிற்கு 2004இல் தொடங்கிய நிற்காப் பயணம் 2013இல் நின்றுபோய், சிக்கனமான இரட்டை எஞ்சின் விமானம் வந்தபின் 2018இல் மீண்டது. கென்னடி நிலையத்திற்கு 2020இல் தொடங்கியது.

இனிக் கடிகாரம். குளிர்காலத்தில் சிங்கப்பூர் 13 மணி நேரம் முந்தியுள்ளது. கோடையில் நியூயார்க் தன் கடிகாரத்தை முன்தள்ளுவதால் 12. பயணம் 18 மணி நேரம் என்றே கொள்வோம். குளிர்காலத்தில் சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணிக்குப் புறப்படுபவர் அதே தேதியில் காலை 5 மணிக்கு நியூயார்க்கில் இறங்குவார். பயணச்சீட்டைப் பார்த்தால் 5 மணி நேரமே! திரும்புகையில் அதே சீட்டு 31 மணி நேரம் காட்டும். இதனை விந்தையென்று கடந்துவிட இயலாது. சிங்கப்பூரில் தந்தை மறைய, நியூயார்க்கிலுள்ள மகன் வரும்வரை நல்லடக்கத்தை நிறுத்திவைப்பதா என ஒரு குடும்பம் கலங்கும் வேளையில் இக்கணக்குப் பிசகலாகாது. மகன் செவ்வாய் பிறக்கும் நள்ளிரவில் விமானம் ஏறுகிறான் எனில், அப்போது வீட்டுக் கடிகாரத்தில் செவ்வாய் பகல் 1 மணி. அதனோடு 18ஐக் கூட்டினால் புதன் காலை 7 மணி.