டெகாவின் நடன மாதர்: ரேகை, ஒளி, இயக்கம்



மனப்பதிவு வாதம் பற்றி வினா வந்தால், எட்கார் டெகாவையும் "திறந்த வெளிக்குச் சென்று சூரிய ஒளியை வரைந்தவர்" என்று எழுதிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. அது குளோட் மொனேக்குரிய விடை. டெகாவுக்கு அதை எழுதினால் புள்ளி கிடைக்காது. (சில நூல்களில் டெகாஸ் என்று இருக்கும். இரண்டும் ஒருவரே.)

டெகா 1834 இல் பரிஸில் பிறந்தவர், 1917 இல் இறந்தவர். 1874 இல் நடந்த முதலாவது மனப்பதிவு வாதக் கண்காட்சியில் பங்குபற்றினார். 1886 வரை நடந்த எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் அவரது படைப்புகள் இருந்தன. ஆயினும் வெளியில் நின்று வரைவது அவருக்குப் பிடிக்காது. ஒபெரா அரங்கிலும் பயிற்சிக் கூடத்திலும் பலே நடன மாதரைக் கவனித்துக் குறிப்புச் சித்திரங்கள் வரைந்து, பின்னர் தமது கலைக்கூடத்திலேயே ஓவியமாக்கினார்.

இந்த வேறுபாட்டை மன்னாரில் இருந்தபடியே விளங்கிக்கொள்ளலாம். நண்பகலில் பேசாலைக் கரையில் நின்று பாருங்கள். மணலும் கடலும் கண்ணைக் கூசவைக்கும். வள்ளத்தின் விளிம்புகூட ஒளியில் கரைந்து நிற்கும். அது மொனேயின் ஒளி. இரவில் கூத்து மேடையில் ஆடுபவர்மேல் மட்டும் வெளிச்சம் விழ, பின்புறம் இருண்டு கிடக்கும். அது டெகாவின் ஒளி.

அக்காலப் பரிஸ் அரங்குகளில் மேடையின் முன்விளிம்பில் வாயு விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஆகவே வெளிச்சம் கீழிருந்து மேலே சென்றது. 1870களில் டெகா வரைந்த 'நட்சத்திரம்' என்னும் படத்தில் நடன மாதின் நாடியும் கழுத்தும் ஒளிர்வது இதனால்தான். நம்பாவிட்டால் இன்றிரவே ஒரு ரோச் லைற்றை நிலத்தில் வைத்து, தம்பியையோ தங்கையையோ அதன் முன் நிறுத்திப் பாருங்கள். பழகிய முகமே வேறு முகமாகத் தெரியும்.

ரேகையில் டெகா மற்ற மனப்பதிவுவாதிகளிலிருந்து விலகி நிற்கிறார். ரேகைக்கு முதலிடம் கொடுத்த ஆங்கிர் என்ற ஓவியரை அவர் பெரிதும் மதித்தார். நடன மாதின் கையையும் காலையும் உறுதியான புறவரையால் பிடித்துக்கொண்டு, பாவாடையை மாத்திரம் பஸ்ரல் கீற்றுகளாகக் கரையவிடுவார். பஸ்ரலில் ஒரே கீற்று ரேகையாகவும் வர்ணமாகவும் இருக்கும். அவர் அதை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி இயக்கம். இங்கேதான் நன்றாக எழுதவேண்டும். ஒரு காலைத் தூக்கி வரைந்தால் ஆடுவதாக ஆகிவிடாது. உங்கள் படங்களில் வரும் உருவங்கள் பல, புகைப்படத்துக்கு நிற்பவர்கள் போல வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 'நட்சத்திரம்' படத்தில் நடன மாது நடுவில் இல்லை. வலப்புறமாக ஒதுங்கி நிற்க, மேடையின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கிறது. அவள் ஓடி வந்த வழி அந்த வெறுமைதான். கழுத்துக் கறுப்பு நாடாவும் பின்னால் பறக்கிறது. திரைமறைவில் நிற்கும் மனிதனின் முகம் மறைந்து, கறுப்பு உடைதான் தெரிகிறது. இப்படி உருவங்களை வெட்டி அமைக்கும் முறைக்கு ஜப்பானிய அச்சுப் படங்களும் புகைப்படமும் தூண்டுதலாயின.

'நடன வகுப்பு' என்ற படத்தையும் சேர்த்துப் படியுங்கள். ஆசிரியர் ஜூல் பெரோ ஊன்றுகோலுடன் நிற்கிறார், நமது கூத்துப் பழக்கத்தில் அண்ணாவியார் நிற்பது போல. ஆனால் மாணவியர் எல்லோரும் ஆடவில்லை. பியானோமேல் இருக்கும் ஒருத்தி முதுகைச் சொறிகிறாள்! யாப்பகூவ படிக்கட்டில் செதுக்கிய 13 ஆம் நூற்றாண்டு நடன உருவங்களுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கே ஆடலும் மேளமும் நடந்துகொண்டிருக்கின்றன. டெகாவோ ஆடலுக்கு முன்னும் பின்னும் உள்ள களைப்பையும் வரைந்தார். கண்பார்வை குறைந்துவந்த காலத்திலும் நடன மாதரை அவர் கைவிடவில்லை.

பயிற்சி: 'கூத்துப் பழக்கம்' என்னும் தலைப்பில் ஒரு படம் வரைக. குறைந்தது மூன்று உருவங்கள் வேண்டும்; ஒருவர் ஆடாமல் இருக்கட்டும். முதலில் தரையின் சாய்கோட்டைப் போடுங்கள். வெளிச்சம் எப்பக்கம் என்று ஓர் அம்புக்குறியால் மெல்லிதாகக் குறித்து, பின்னர் அழித்துவிடுங்கள். அண்ணாவியாரை நடுவில் நிறுத்தவேண்டாம்.